மேல் ஜவ்வு கிழிந்த கேஸ்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் வரச் சொன்ன பெரிய டாக்டர் சாப்பாட்டு வேளைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக என் வலது கையைப் பிடித்து மேலே தூக்கினார். முழங்கையை மடக்கி உள்பக்கம் திருப்பினார். கையை நீட்டி, டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டுகிற மாதிரி கட்டை விரலைக் கவிழ்க்கச் சொல்லி, மேலிருந்து அமுக்கினார். கடைசியாக முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, "தள்ளுங்க, தள்ளுங்க" என்றார். எங்கே 'ஆ' சொல்ல வேண்டுமோ அங்கே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுற்றி நின்ற பட்டமேற்படிப்புப் பிள்ளைகளைப் பார்த்து, "புஸ்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு பாருங்க. அருமையான கேஸ்" என்றார்.

முப்பது வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து பாதி மாவட்டத்தை எட்டு போட வைத்த தெய்வசிகாமணி இப்போது ஒரு கேஸ். அதிலும் அருமையான கேஸ்.

மூன்று வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தோள் மூட்டின் மேல் ஜவ்வு கிழிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. கொஞ்ச நாளில் வலி அடங்கிவிட்டது. ஆனால் மருத்துவக் கல்லூரி என்னை விடவில்லை. எலும்பு டாக்டர் படிப்புக்குப் பரிட்சை வரும்போதெல்லாம் கட்டிலில் உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் வந்து கையைத் திருகிப் பார்த்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் போக வர வண்டியும்.

போன ஐப்பசியிலிருந்து வலி திரும்பிவிட்டது. இந்த முறை கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டு விரல் வரை போகிறது. மிச்சமிருந்த ஜவ்வும் கிழிந்திருக்கும், வேறென்ன. ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று இன்று பெரிய டாக்டர் கிருபாநிதியிடம் கேட்டேன். தானே செய்வதாகச் சொன்னார். ஆனால் ஏப்ரல் பரிட்சைக்குப் பிறகுதானாம். "இப்பத் தெச்சுட்டா எல்லாக் குறியும் மறைஞ்சுடும் சார். இந்த மாதிரி கேஸுக்கு நான் எங்க போவேன்?"

என் கை சரியாகிவிட்டால் அவருக்கு நஷ்டம். நல்ல ஊர்.

பிப்ரவரி 5, புதன்

மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்த்து வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வகுப்பில் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உதவிப் பேராசிரியர் குருபிரசாத் பாடம் எடுத்தார். சின்ன வயசு, தலை நிறையப் படிப்பு. என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, தோளுக்கு மட்டும் எத்தனை விதமான கைப் பரிசோதனை இருக்கிறது என்று வரிசையாகச் செய்து காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக்காரன் பெயர். ஆளுக்கொரு விதமாகக் கையைத் திருகி, திருகினதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மனிதரே ஒரு விஷயத்தைச் சொன்னார். இதில் எந்த ஒரு சோதனையையும் தனியாக நம்ப முடியாதாம். ஜவ்வு கிழிந்தவனுக்கு வலிக்காமல் போகுமாம், நன்றாக இருக்கிறவனுக்கு வலிக்குமாம். சில சோதனைகள் காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்குக் கொஞ்சம்தான் மேலாம். ஸ்கேனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாதாம். அறுபது தாண்டிய நூறு பேரைப் பிடித்து ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பல பேருக்கும் ஜவ்வில் கிழிசல் இருக்குமாம்.

பின் வரிசையில் இருந்த பெரிய டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் கை தெரியாதவன் எழுதின கட்டுரை. என் கை பொய் சொல்லாது" என்றார். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. குருபிரசாத்தும் ஆட்டினார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது எட்டு அழகாகப் போட்டவன் எத்தனை பேர் மறு வாரமே வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் விட்டான் என்று எனக்குத் தெரியும். அதற்காக எட்டு போடுவதை நிறுத்தினோமா? இல்லை. நிறுத்தினால் இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை?

பிப்ரவரி 20, வியாழன்

ஒத்திகை. ஆம், ஒத்திகைதான். குருபிரசாத் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். "சார், கையத் தூக்கறப்ப பாதி தூரத்துல வலிக்குதுன்னு சொல்லுங்க. கவுத்து அமுக்கறப்பவும் சொல்லுங்க. முதுகுக்குப் பின்னாடி வெக்கறப்ப மட்டும் சொல்லாதீங்க. அது வேற ஜவ்வு."

"அதுலயும் வலிக்குதுங்களே?"

"இருக்கலாம் சார். எல்லாத்துலயும் சொன்னீங்கன்னா பசங்க கொழம்பிடுவாங்க."

"சுண்டு விரல் மரத்துப் போவுது."

"அதையும் பரிட்சைல சொல்லாதீங்க. கேஸ் சுத்தமா இருக்கணும்."

வண்டித் தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. காட்ட வருகிற லாரிக்காரன் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு நல்ல டயர் வாங்கி மாட்டிக்கொண்டு வருவான். காட்டி முடித்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவான். வாடகை டயரை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். இப்போது நானே வாடகை டயர்.

ஆனாலும் பெருமைக்காகச் சொல்லவில்லை, என் அளவுக்கு நேரம் பார்த்து 'ஆ' சொல்கிற ஆள் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. பக்கத்துக் கட்டில் முழங்கால்காரர் தொடுவதற்கு முன்பே கத்திவிடுகிறார்.

மார்ச் 6, வியாழன்

ஓய்வூதியக்காரன் உயிரோடு இருக்கிறான் என்று நிரூபிக்க முகத்தைக் காட்ட வேண்டிய மாசம். சேவை மையத்துப் பெண் கேமராவை நீட்டி, "கண்ணை நல்லாத் தெறந்து பாருங்க சார்" என்றாள். திறந்துதான் இருக்கிறது என்றேன். "வலது கண்ணு பாதிதான் தெறந்திருக்கு சார்" என்றாள். மூன்று தடவை தள்ளுபடி செய்த பிறகு, விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபித்தேன். இவர்கள் கொடுக்கிற வெளிச்சத்துக்கு ஆந்தைக்கே கண் கூசும்.

வீட்டுச் சாவி வழியில் இரண்டு தடவை கையிலிருந்து விழுந்தது. சாவிகளை இப்போது எவ்வளவு மெல்லிசாகச் செய்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

வெயில் ஆரம்பித்துவிட்டது. ரங்கநாயகி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இந்தப் பக்கம் மட்டும் வேர்க்குது. அந்தப் பக்கம் காஞ்சு கெடக்குதே?"

"ஃபேன் அந்தப் பக்கம் இருக்குது."

"ஃபேன் தலைக்கு மேலல்லங்க சுத்துது?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் கேட்ட ஒரு கேள்விக்கும் எனக்கு முழு மார்க் கிடைத்ததில்லை. பேண்ட் தொளதொளவென்று ஆனதற்கும் கேட்டாள். சர்க்கரையை நிறுத்திவிட்டேன், இளைத்திருக்கிறேன், டாக்டர்களே பாராட்டுவார்கள் என்றேன். பிறகு தொட்டி பார்க்க மாடிக்குக் கிளம்பினேன்.

"தொட்டில தண்ணி பாக்கறதுக்குத் தீப்பெட்டி எதுக்குங்க?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. காதில் விழாத மாதிரி ஏறிவிட்டேன்.

மார்ச் 29, சனி

இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன். பரிட்சை முடியட்டும் என்றார். மாத்திரையை இரண்டாக்கிக்கொள்ளச் சொன்னார். அவர் தோள் வலித்தால் இப்படித்தான் பரிட்சைக்குக் காத்திருப்பாரா?

ஏப்ரல் 21, திங்கள்

நாளைக்குப் பரிட்சை. முடி வெட்டிக்கொண்டேன். ரங்கநாயகி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். பட்டன்களையும் அவள்தான் போட்டுவிடுகிறாள், எனக்கு நேரமில்லாததால்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வெளியூரிலிருந்து இரண்டு பரிட்சகர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு பெரிய டாக்டர், மூன்று பேரும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு டீ குடித்தார்கள். முதலில் வந்த கண்ணாடிப் பையன் என் பக்கத்தில் குனிந்து, "ஐயா, என்ன கேஸுங்க?" என்றான். மேல் ஜவ்வு என்றேன். "தேங்க்ஸுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என் கையைத் திருகினான். இரண்டாவது ஆள் கேட்கக்கூட இல்லை. நடைபாதையிலேயே யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பெயர்களை மழை மாதிரி கொட்டினான். பரிட்சகர்கள் தலையாட்டினார்கள்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். ஜெபஷீலா என்று பெயர், நாகர்கோவில் பக்கம். குள்ளம், நிதானம், பேச்சும் நிதானம். பார்த்தவுடனே எனக்குப் பாவமாகிவிட்டது. இந்த வேகத்துக்கு மணியடிப்பதற்குள் என் சட்டையைக்கூடக் கழற்றி முடிக்காது என்று நினைத்தேன். நானாகவே உதவினேன்.

"மேல் ஜவ்வு கிழிஞ்சது அம்மிணி. ஸ்கேன்லயே இருக்குது."

"இருக்கட்டும் சார். அத விடுங்க. ஒங்களுக்கு எங்க வலிக்குது? ஒரு விரல வச்சு காட்டுங்க."

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாய் தவறி உள்ளதைக் காட்டிவிட்டேன். தோள்பட்டைக்குப் பின்னால் ஆரம்பித்து, கக்கம், முழங்கையின் உள்பக்கம், சுண்டு விரல்.

"ராத்திரி கைய எப்பிடி வச்சா கொஞ்சம் சொகமா இருக்கு?"

இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்றேன். அவள் என் தோளைத் தொடவே இல்லை. உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் சதை குழிந்திருந்ததை அவள் அமுக்கிய பிறகுதான் நானே பார்த்தேன். விரல் இடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகி, விடாமல் பிடியுங்கள் என்று சொல்லி இழுத்தாள். இடது கையில் கிழிந்தது. வலது கையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணில் டார்ச் அடித்தாள். கன்னத்தில் இரண்டு பக்கமும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காறையெலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்தினாள். நான் 'ஆ' என்றேன். அது ஒத்திகையில் இல்லாத 'ஆ'.

"சிகரெட் குடிப்பீங்களா சார்?"

"விட்டு வருஷமாச்சு."

அவள் என் விரல் நுனியைப் பார்த்தாள்.

மணி அடித்தது. பரிட்சகர்கள் வந்தார்கள். அவர்கள் பேச்சு இங்கிலீஷில். எனக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எந்தெந்தச் சோதனை செய்தாய் என்று கேட்டார்கள். தோள் சோதனைகளுக்கு நேரம் வைக்கவில்லை என்றாள். ஜவ்வில் கிழிசல் இருக்கலாம், ஆனால் வலி அதனால் இல்லை என்றாள். நோய் நெஞ்சுக்கூட்டின் உச்சியில் இருக்கலாம், நுரையீரல் மேல் முனையில் ஏதோ நரம்பை அழுத்துகிறது, முதலில் நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும் என்றாள்.

வெளியூர்ப் பரிட்சகர் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். "தோளைக் கொடுத்தால் நெஞ்சுக்குப் போகிறாயே, இன்னும் கொஞ்சம் விட்டால் பல்லுக்குப் போவாயா?" பெரிய டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்கேனை எடுத்து ஆட்டினார். அது மூன்று வருஷத்துக்கு முந்தியது என்று அவள் பயந்த குரலில் சொன்னாள். சொல்லாமல் விடவில்லை.

உடனே பெரிய டாக்டர் தமிழுக்கு மாறி என்னிடம் திரும்பினார். "சார், நீங்களே சொல்லுங்க. எங்க வலிக்குது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

தோள் உச்சியில் விரலை வைத்தேன். "இங்கதானுங்க. கையத் தூக்கறப்ப."

"கைக்குக் கீழ எங்கயாவது போவுதா?"

"இல்லீங்க."

வேறு என்ன சொல்ல முடியும்? எனக்கு ஆபரேஷன் வேண்டும். தேதி அவர் கையில் இருக்கிறது. வெளியூர்க்காரன் முன்னால் அவரை மானங்கெட வைத்துவிட்டு அவர் கத்திக்குக் கீழேயே போய்ப் படுக்க நான் என்ன பைத்தியமா?

அவர்கள் நகர்ந்த பிறகு அவள் என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "சார், ஒரு நெஞ்சு எக்ஸ்ரே மட்டும் எடுத்துருங்க. இங்க வேண்டாம்னா வெளிய. தள்ளிப் போடாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகம் அழுகிற மாதிரி இருந்தது.

பிரியாணியில் கறியே இல்லை.

ஏப்ரல் 23, புதன்

குருபிரசாத் போன் செய்து நன்றி சொன்னார். அந்தப் பெண் தேறாது என்றார். எப்படித் தேறும்? கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவள். நானாக விடையைக் கையில் கொடுத்தும் வாங்கிக்கொள்ளாத ஒரு ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். என் நெஞ்சுக்கு என்ன? சிமெண்ட் தூண்.

ஏப்ரல் 28, திங்கள்

பேப்பரைக் கிழித்து விரலிடுக்கில் வைத்துப் பார்த்தேன். வழவழப்பான பேப்பர், வழுக்கத்தான் செய்யும். ரங்கநாயகியின் பழைய காலண்டர் தாளை வைத்துப் பார்த்தேன். அதுவும் வழவழப்பு.

ஏப்ரல் 30, புதன்

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மே 12. பெரிய டாக்டர் தானே போன் செய்தார். சொன்ன சொல் மாறாத மனிதர். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன்.

மே 3, சனி

ரங்கநாயகிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கோயிலில் அந்த முழங்கால்காரரின் சம்சாரத்தைப் பார்த்திருக்கிறாள். அவர் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முழங்காலுக்கு வந்தவனுக்குக் காது எதற்கு அவ்வளவு கூர்மை?

வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் புள்ள கேட்டதுக்குக் கையெல்லாம் வலிக்குதுன்னு காட்டினீங்களாமே?"

"ஆமா."

"பெரிய டாக்டரு கேட்டதுக்குத் தோளு மட்டுந்தான்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"எதுங்க நெசம்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. அது பரிட்சை."

"பரிட்சை அந்தப் புள்ளைக்குங்க. வலி உங்களுக்கு." அதற்கு மேல் கத்தவில்லை. சமையலறைக்குள் போய் அழுதாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இதை என்ன செய்வது?

மே 6, செவ்வாய்

பக்கத்து ஊரில் ஒரு எக்ஸ்ரே கடைக்குப் போனோம். யாருக்கும் தெரியாத ஊர். படம் எடுத்த பையன் உள்ளே போய்த் திரும்பி வந்து, இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றான். அப்புறம் அங்கிருந்த டாக்டர் சி.டி. எடுங்கள் என்றார். எடுத்தோம்.

வலது நுரையீரலின் உச்சியில் கட்டி. எலுமிச்சம்பழ அளவு. முதல் விலா எலும்பை அரித்திருக்கிறது. கைக்குப் போகிற நரம்புகளை அமுக்கிக்கொண்டிருக்கிறது. கண் சுருங்கியதும், முகம் வேர்க்காததும், சாவி விழுந்ததும் எல்லாம் இதுதான் என்று அந்த டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். யாருமே உங்களை முழுசாகப் பார்க்கவில்லையா என்று கேட்டார். ரங்கநாயகி என்னைப் பார்த்தாள்.

பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

மே 8, வியாழன்

படத்தைக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டர் மேஜையில் வைத்தேன். விளக்குக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"ரொம்ப அபூர்வமான கேஸ் சார் இது" என்றார்.

"அந்தப் பொண்ணு சொன்னதுங்க இதைத்தான்."

"குருட்டு யோகம். சோதனை எதையும் முறையா செய்யல."

"நான் பொய் சொன்னேனுங்க டாக்டர். கை பூராவும் வலிச்சுது. உங்களுக்காகத் தோளைக் காட்டினேன். பரிட்சகருங்ககிட்டச் சொல்லி மார்க்கை மாத்துங்க."

"மார்க் போட்டு அனுப்பியாச்சு. இனி யாரும் தொட முடியாது." படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, "நல்லவேளை, பன்னெண்டாம் தேதி ஆபரேஷன் பண்ணாமத் தப்பிச்சோம்" என்றார்.

தப்பித்தோமாம். அவரும் நானுமாகச் சேர்ந்து.

பொய் சொல்லாத அந்தக் கையை எடுத்து என் தோளில் வைத்து ஆறுதல் சொன்னார். வலித்தது.

மே 20, செவ்வாய்

சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் உறுதி. கதிரும் மருந்தும் சேர்த்துக் கொடுத்துக் கட்டி சுருங்கினால் பிறகு அறுக்கலாம் என்கிறார்கள். சுருங்குமா என்றால், பார்க்கலாம் என்கிறார்கள். இன்னும் நாலு மாசம் முன்னால் வந்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். நாலு மாசம் முன்னால் நான் எங்கே இருந்தேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தானய்யா உட்கார்ந்திருந்தேன்.

பரிட்சை முடிவும் வந்துவிட்டது. கண்ணாடிப் பையன் பாஸ். பெயர் மழை கொட்டினவன் பாஸ். ஜெபஷீலா ஃபெயில். பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, பொய் சொன்னது நான்தான் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இடது கையால் போட்ட கையெழுத்து. வலது கை பேனாவைப் பிடிக்கவில்லை. இந்தக் குறிப்பையும் நான் சொல்லச் சொல்ல ரங்கநாயகிதான் எழுதுகிறாள். தீப்பெட்டியைப் பற்றி இடையில் அவளாக எழுதியதை அடித்துவிடச் சொன்னேன்.

மே 29, வியாழன்

குருபிரசாத் பேசினார். உடம்பை விசாரித்தார், பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அக்டோபர்ல மறுபடி பரிட்சை இருக்கு சார். நீங்க முடிஞ்சா வரணும்னு பெரியவர் கேக்கச் சொன்னார். இந்தத் தடவை ஷார்ட் கேஸ் இல்ல, லாங் கேஸ். மார்க் அதிகம்" என்றார்.

பதவி உயர்வு. சர்வீஸில் இருந்தபோது கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது.

"ஒத்திகை உண்டுங்களா?" என்று கேட்டேன். நான் போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பல்கலைக்கழகத்திலிருந்து நேற்று பதில் வந்தது. செய்முறைத் தேர்வில் பயன்படுத்தப்படும் நோயாளியின் கூற்றை மதிப்பெண் மறுபரிசீலனைக்கு ஆதாரமாக ஏற்க விதிகளில் இடமில்லையாம். நோயாளி சொல்வதைக் கேட்கிறார்களா என்று பார்ப்பதற்கென்றே வைத்த பரிட்சையில் நோயாளி சொல்வதைக் கேட்க விதியில்லை. இதை எழுதின ஆளைக் கூட்டிவந்து எட்டு போட விட வேண்டும், பிரேக் இல்லாத வண்டியில்.

மத்தியானம் ஜெபஷீலா வந்தாள். ரங்கநாயகிதான் எங்கேயோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்துக்கொண்டு மறுபடி படிக்கிறாளாம். கதிர் எடுத்ததில் என் கழுத்து கறுத்திருந்ததைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். எப்படியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பரிட்சை முடிவு வந்த நாளிலிருந்து வார்த்தை தேடி வைத்திருந்தேன். வந்த பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை. வந்தது வேறு.

"நான் சொன்ன மேல் ஜவ்வை அப்படியே சொல்லியிருந்தா நீ பாஸ் பண்ணியிருப்பியே அம்மிணி?"

"பண்ணியிருப்பேன் சார்."

"பின்ன ஏன் சொல்லலை? எவன் கேட்டான் உன்கிட்ட?"

அவள் என் கையை இன்னும் விடவில்லை. "ஒங்க கையப் பாத்த பெறவு மனசு வரல சார்" என்றாள்.

அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். ரங்கநாயகி இதை எழுத வேண்டாம் என்கிறாள், எழுது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ரங்கநாயகி தோசை ஊற்றினாள். நன்றாகச் சாப்பிட்டாள். ஃபெயிலான ஆளுக்கு இவ்வளவு பசியா என்று கேட்டேன். சிரித்தாள்.

போகும்போது பரிட்சைத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்டோபர் மூன்றாம் வாரம். கேஸாகப் போகமாட்டேன் என்று குருபிரசாத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சும்மா போய் அந்த வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கதிர் டாக்டரிடமும் அந்தத் தேதியைச் சொல்லி, அதுவரைக்கும் என்னை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று நாளைக்குக் கேட்கப் போகிறேன். நூற்றுக்கு இத்தனை பேர் என்று கணக்குச் சொல்ல ஆரம்பிப்பார். சொல்லட்டும்.

அவள் பாஸாகி வெளியே வருவதை நான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் போக எனக்கு மனமில்லை.